மீனத்துக்குத் திரும்பி வந்த சனி

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. அமெரிக்காவின் டுலூத் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் மறுபாதியில் லோர்னா இருக்கிறாள். தொலைபேசியில் ஜாதகம் பார்த்துச் சொல்வது தொழில்; நம் பஞ்சாங்கப்படி அல்ல, மேற்கத்தியக் கணக்குப்படி. காது மந்தம், உரக்கப் பேசுவாள். மீதியை வாசலில் பனி வாரும்போது அவளே சொன்னாள். முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஏரியின் மேல் மூடுபனி கவிந்திருந்த ஒரு

வேண்டாம். இந்த ஊரில் மூடுபனி இல்லாத நாளைச் சொன்னால்தான் செய்தி.

2

லோர்னாவை ஓயாமல் அழைப்பவள் ட்ரூடி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கணவன் கர்ட் குடிகாரன். (‘கொடியவன்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் கைநீட்டியதே இல்லை. சமையலறைத் தரையில் கிடப்பான். அவள் தாண்டிப் போய்க் காபி போடுவாள்.) விட்டுப் போகட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: சனி மீனத்தில் இருக்கிறது, அது தண்ணீர் ராசி, மதுவும் மயக்கமும் அங்கேதான், அந்தச் சனி பொறுமையைத்தான் கேட்கும். மேஷத்துக்குப் போகட்டும், துணிவு வரும்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: ஒரு ராசியைக் கடக்கச் சனிக்கு இரண்டரை ஆண்டு. ஆறுதல் சொல்ல வசதியான கிரகம். சந்திரன் என்றால் மூன்றாம் நாளே பதில் சொல்லியாக வேண்டும்.)

3

மே கடைசியில் சனி மேஷத்துக்குப் போனது. ட்ரூடி பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். செப்டம்பரில் சனி வக்கிரமாகி, பின்னோக்கி நகர்ந்து, மீனத்துக்கே வந்தது. ட்ரூடியும் வந்தாள். இதை யார் நம்புவார்கள் என்று நானே இந்தப் பகுதியை ஒருமுறை கிழித்தேன்.

“உன் கிரகமே வீட்டுக்கு வந்துடுச்சு, நீ வர்றதுக்கு என்ன?” என்றானாம் கர்ட். ட்ரூடி சிரித்துவிட்டாளாம். என்னிடம் இதைச் சொன்னபோது லோர்னா சிரிக்கவில்லை.

4

பிப்ரவரியில் சனி மறுபடி மேஷம் புகுந்தது. இனி திரும்பாது. அன்று காலை தொலைபேசி அடித்தபோது லோர்னாவுக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. ஒரே பலனை எத்தனை பேருக்குச் சொல்வது?

“இப்பப் போகலாமா, லோர்னா?”

“சனிக்கு உன்னைத் தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும். நான் சொல்றேன், போயிடு.”

“அப்ப இத்தனை நாளா ஏன் பொறு பொறுன்னீங்க?”

“பதில் கிடைச்சுட்டா நீ கூப்பிடவே மாட்டியேன்னுதான்.”

5

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சுவர் வழியாக லோர்னாவின் குரல் மட்டும்தான் கேட்கும். மேலே ட்ரூடி கேட்ட இரண்டு கேள்விகளும் நான் எழுதியவை. அடுத்து அவள் சொன்னதையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பெட்டியைக் கட்டினாள். இன்னொன்றில், கர்ட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். மற்றொன்றில் லோர்னாவைத் திட்டி

எதுவும் ஒட்டவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு ட்ரூடி இருப்பாள். அவளைப் பேச விடுங்கள்.

எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: லோர்னா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “சரிம்மா” என்றாள்.