பல்பினோ வீட்டின் கனம்

சப்பாங் பாத்தோ என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் பல்பினோவின் மூங்கில் வீட்டை ஊரே கூடியும் தூக்க முடியாமல் போனது, கலகக்காரன் என்று ஸ்பானியர்கள் கஸ்தோரைச் சுட்டுக் கொன்ற வருஷத்தின் அடைமழைக்குக் கொஞ்சம் முன்னால். அதே வீட்டை முன்பு இரண்டு தடவை இடம் மாற்றியிருந்தார்கள். தூண்கள்மேல் மூங்கில் தரை, மூங்கில் சுவர், ஓலைக் கூரை. இருபது ஆட்கள் தரைக்கடியில் கழிகளைச் செருகித் தோள் கொடுத்தால், உள்ளே அடுப்பில் அவன் மனைவி சியானா வைத்த கஞ்சி தளும்பாமல் வயலைத் தாண்டிவிடும். இப்போது ஆறு கரையைத் தின்றுகொண்டு வந்ததால் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. வழக்கப்படி ஆட்கள் வந்தார்கள், ஒரே குரலில் ஏலேலோ போட்டார்கள், எழும்பினார்கள். கழிகள்தான் முறிந்தன.

"கபேசா, உள்ளே எருமையக் கட்டிப் போட்டிருக்கியா?" என்றான் ஒருவன்.

"எருமை இல்லடா, நம்ம தலைக்கு வாங்கின வரி மொத்தமும் அங்கதான் கெடக்கு" என்றான் இன்னொருவன். ஸ்பானியர்களுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் கபேசா பல்பினோ என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தோரின் ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

உரலை இறக்கினார்கள், புனிதரின் சிலையை இறக்கினார்கள், தொட்டிலை, கடைசியில் பூனையையும் இறக்கினார்கள். வீடு அசையவில்லை. மண்ணில் புதையவும் இல்லை. தூண்களுக்கிடையே கோழிகள் எப்போதும்போலக் கிளறிக்கொண்டிருந்தன. சீன வியாபாரி கூரையிலிருந்து ஓர் ஓலையை உருவித் துலாக்கோலில் மாட்டினான். கோல் ஒடிந்தது. அதற்கு விலை கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பாதிரியார் வந்து புனிதநீர் தெளித்து, இது களிமண் கோளாறு என்றார். வேலைக்கு வந்தவர்களுக்காக அவித்த அரிசிப் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சியானாவுக்கு மட்டும் அது என்ன கனம் என்று தெரியும்.

அதற்கு முந்திய மார்கழியில், மாலை மணி அடித்துக்கொண்டிருந்தபோது கஸ்தோர் ஆற்றங்கரையோடு வந்து அவர்கள் படியடியில் நின்றான். பல்பினோவின் மகனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவன் அவன். அந்த ஞான உறவில் அன்றிலிருந்து இரு வீட்டாரும் ஆண்களைக் கும்பாரே என்றும் பெண்களைக் குமாரே என்றும் அழைத்துக்கொண்டார்கள். கலகக்காரர்களோடு சேர்ந்து கையைக் கீறி ரத்தத்தில் பெயர் எழுதியவர்களைச் சிவில் காவலர்கள் வீடு வீடாகச் சட்டைக் கையைச் சுருட்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தழும்பு கஸ்தோரின் கையில் இருந்தது. அந்த ஊரில் யாரும் சொல்லாமல் படி ஏறமாட்டார்கள். வந்திருப்பது மனுஷன்தான் என்று கீழே நின்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளிருந்து ஏறி வா என்று பதில் வர வேண்டும். கேட்காமல் ஏறுவது ஆவிகள்தான். உயிருக்கு ஓடி வந்தவனும் அந்த மரியாதையை விடவில்லை.

"மனுஷன்தாங்க வந்திருக்கேன், கும்பாரே!"

உள்ளே எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள். மணி ஜெபத்தின்போது யாரும் பதில் சொல்வதில்லை. வந்தவரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கஸ்தோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தான். மணி ஓய்ந்தது. பல்பினோ உதட்டில் விரலை வைத்தான். கபேசாவின் கூரைக்குக் கீழே கலகக்காரன் அகப்பட்டால் வீட்டைக் கொளுத்திவிட்டுக் குடும்பத்தையே தூரத்துத் தீவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தவள் சியானா. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் இன்னொரு அருள்நிறை மரியே தொடங்கினாள். அது முடிந்ததும் இன்னொன்று.

"குமாரே, ஜெபம் முடிஞ்சுதா?" என்று கீழிருந்து கஸ்தோர் மெல்லக் கேட்டான். அவள் குரலை உயர்த்தினாள். பிறகு பூட்ஸ் சத்தம் வந்தது. காவலர்களிடம் கஸ்தோர் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது: "சத்தம் போடாதீங்கய்யா, உள்ள ஜெபத்துல இருக்காங்க."

ஜெபத்தில் இருந்தோம் என்றுதான் பல்பினோ ஊரில் சொன்னான். அது பொய்யில்லை. யாராலும் குறை சொல்ல முடியவில்லை. கஸ்தோரின் மனைவி கோரியாவும் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "ஜெபத்துல இருந்தாங்களாம்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டு வழியாக அவள் நடக்கவில்லை.

ஸ்பானியர்கள் போனார்கள், அமெரிக்கர்கள் வந்தார்கள். சாலை போட வந்த அமெரிக்கன் சங்கிலியும் திருகும் வைத்து ஒரு நாள் முழுக்க வீட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, சாலையை வளைத்துக்கொண்டு போனான். படிவரை கரையைத் தின்ற ஆறும் அப்படியே ஒதுங்கி ஓடியது. அந்தத் தரையில் கால் வைத்தால் மூச்சு முட்டுகிறது என்று மகன் மணிலாவுக்குப் போய்விட்டான். பல்பினோ பேச்சைக் குறைத்துக்கொண்டான். சியானா சந்தையில் கோரியாவைக் கண்டால் மீன் கூடைகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். தோள்துண்டின் முனையை வாயில் கவ்விக்கொண்டு அவள் போகும்வரை நிற்பாள்.

பெருவெள்ளம் வந்த வருஷம் ஊரின் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பி, கூரையில் சேவல்களோடு கடலைப் பார்த்துப் போயின. சிலவற்றில் விளக்குகூட அணையவில்லை. பல்பினோவின் வீடு நின்றது. ஜனங்கள் நீந்தியும் படகிலும் வந்து, கழுத்தளவுத் தண்ணீரிலும் மறக்காமல் குரல் கொடுத்து, பதில் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். வீடு நிறைந்தது. அது எதனால் நிற்கிறது என்று இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் நல்லா இருப்பீங்க என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் சியானா தலையைக் குனிந்துகொண்டாள்.

பொழுது சாயும்போது கோவில் மணி அடித்தது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். பழக்கப்படி சியானா தொடங்கினாள். அப்போது கீழே படகு ஒன்று தூணில் இடித்தது.

"மனுஷிதாங்க வந்திருக்கேன்."

கோரியாவின் குரல். அவள் படியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள், ஏறவில்லை. பல்பினோவின் விரல் தானாகவே உதட்டுக்குப் போனது. மணி இன்னும் ஓயவில்லை. சியானா மரியே என்ற பெயரின் நடுவில் நிறுத்தினாள்.

"ஏறி வா, குமாரே" என்று கத்தினாள். "ஏறி வா, ஏறி வா!"

கோரியா ஏறி வந்தாள். பாவாடையைப் பிழிந்தாள். சியானா நீட்டிய இஞ்சிக் கஷாயத்தை வாங்கி ஊதிக் குடித்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஜெபம் சீக்கிரம் முடிஞ்சிருச்சே, குமாரே" என்றாள் கோரியா.

சியானா காலிக் கிண்ணத்தை வாங்கி மறுபடி நிரப்பிக் கொடுத்தாள்.

தண்ணீர் வடிந்தது. கோரியாவுக்குத் திரும்பிப்போக வீடு இல்லை, அதனால் அடுப்பங்கரைப் பக்கம் பாய் போட்டுக்கொண்டாள். கோடையில் ஊர் நன்றியோடு புதுக் கழிகளை வெட்டிக்கொண்டு வந்தது, கபேசா வீட்டை மேட்டுக்குக் கொண்டுபோய் வைக்கலாமென்று. இப்போது கனம் குறைந்திருக்கும் என்று சிலர் நம்பினார்கள். சியானா நம்பவில்லை. ஏலேலோ போட்டார்கள், எழும்பினார்கள், கழிகள் முறிந்தன. ஜன்னலிலிருந்து கோரியா எட்டிப் பார்த்தாள்.

"அது அசையாது, விட்டுட்டு வாங்கடா" என்றாள். "பணியாரம் ஆறுது."

ஆட்கள் தோளைத் தேய்த்துக்கொண்டே, ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துப் படி ஏறினார்கள்.