மொட்டைத்தலை முழங்கால் குழுவும் லிஃப்ட் மெக்கானிக் கலையரசனும்

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எடமலைப்பட்டி புதூர் லிஃப்ட் மெக்கானிக் கலையரசனின் நிழல் அவனை விட்டு இறங்கி, சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ் ஏறிப் போய்விட்டது. கூட்டம் இல்லாததால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிழலுக்கு டிக்கெட் போடச் சொல்லி உத்தரவு எதுவும் வராததால் கண்டக்டர் கேட்கவில்லை. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த கலையரசன், பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குப் போனான். நிழல் இல்லாமலும் லிஃப்ட் பழுது பார்க்கலாம் என்பது அவன் எண்ணம், அது சரியும்தான். தக்காளி விலை தாறுமாறாக ஏறியிருந்த மாதம் அது என்பதால், தெருவில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அவன் மனைவி வேணிக்கு மட்டும் விஷயம் முன்கூட்டியே தெரியும். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறவள் அவள். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே நகராத பொழுதை நகர்த்துவதற்காக, போனில் 'மொட்டைத்தலை முழங்கால்' என்ற குழுவில் சேர்ந்திருந்தாள். மஸ்கட்டிலும் மார்த்தாண்டத்திலும் மெல்போர்னிலும் இருக்கிற முகம் தெரியாத மனிதர்கள், ஆளுக்கொரு வரியாக ஒரே கதையை எழுதிக்கொண்டு போகும் குழு அது. சட்டம் இரண்டுதான். வரியில் அர்த்தம் இருக்கக் கூடாது. முன்னால் எழுதியவர் சொன்னதை இல்லை என்று சொல்லக் கூடாது. அர்த்தத்தோடு எழுதியவரின் வரியைக் குழுவைத் தொடங்கிய சௌரிராஜன் அழித்துவிடுவார். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் வீட்டிலிருந்தபடியே ஏதோ அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர் அவர். வேணிக்கு உளறல் நன்றாக வந்தது. பார்த்தே இராதவர்கள் தினமும் பாராட்டினார்கள். வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள் கலையரசன்.

நிழல் போவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை அவன் சாப்பிட்டுக்கொண்டே, "எந்நேரமும் அந்த போன்ல அப்படி என்னதான் பாக்குற? நாளைக்கு ஒண்ணுன்னா அவனுங்களா வந்து உனக்குக் கஞ்சி ஊத்தப் போறானுங்க?" என்று கேட்டான். வேணி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். மதியம் கதைக்கு ஒரு கதாநாயகன் தேவைப்பட்டபோது, 'எடமலைப்பட்டி புதூரில் கலையரசன் என்றொரு லிஃப்ட் மெக்கானிக், கழுத்தில் மச்சம், வாயில் கொழுக்கட்டை' என்று எழுதிப் போட்டாள். குழுவில் அதுவரை யாருக்கும் கிடைக்காத சிரிப்பு அவளுக்குக் கிடைத்தது. பாசில் என்ற கல்லூரிப் பையன், அந்தக் கலையரசனோடு இருந்து அலுத்துப்போய் அவன் நிழல் லால்குடிக்கு பஸ் ஏறியது என்று தொடர்ந்தான். நடந்தது அதுதான்.

அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் நடந்தது. கலையரசனின் வலது காதில் திங்கள், புதன், வெள்ளி தண்ணீர் வரும் என்று யாரோ எழுத, வந்தது. மாநகராட்சிக் குழாயைவிட நேரத்துக்கு வந்தது. அவன் வாசல்படியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுக்க, பெண்கள் வரிசையில் நின்று குடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். "வேணி அக்கா, உங்க வீட்டுக்காரர் தண்ணியில சோறு வடிச்சா பஞ்சாட்டம் இருக்கு" என்றார்கள். வேணி அன்றைக்கே குழுவில் உண்மையைச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அடுத்து என்ன வரும் என்று பார்க்க அவளுக்கும் ஆசையாக இருந்தது. அவள் பக்கம் எத்தனை நியாயம் சொன்னாலும் இந்த ஒன்றுக்குச் சமாதானம் கிடையாது. மெல்போர்ன்காரர் ஒருவர் கலையரசனின் எடையை எலி தூக்கிக்கொண்டு போனதாக எழுதினார். அதன் பிறகு அவன் ஏறி நின்றால், யாராவது வரட்டும் என்று லிஃப்ட் கதவைத் திறந்தபடி காத்திருந்தது. எடையில்லாத ஆளுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க முடியாது என்று கம்பெனியில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். காற்று அடித்தால் பறக்காமலிருக்க, அவன் தோள்பையில் அம்மிக்குழவியைப் போட்டுக்கொண்டு நடமாடினான்.

வேலை போன அன்றுதான் வேணி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகுநேரம் குழவியைத் தடவிக்கொண்டிருந்தான். "ஊர்ல இத்தனை பேர் இருக்க, என் பேருதான் கெடச்சுச்சா உனக்கு?" என்று மட்டும் கேட்டான். அவள் உடனே குழுவில் எழுதினாள்: 'இது விளையாட்டு இல்லைங்க. கலையரசன் என் வீட்டுக்காரர். நீங்க எழுதறதெல்லாம் நிஜமாவே அவருக்கு நடக்குது. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நிறுத்துங்க.' குழு தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு நல்ல வரி வந்ததில்லை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் பெலிண்டா, சிரித்துச் சிரித்து டியூட்டியில் திட்டு வாங்கியதாக எழுதினாள். பாசில் கையோடு அடுத்த வரியைப் போட்டான்: வேணி அழுதாள், கண்ணீர் மேல்நோக்கி விழுந்தது. அவள் அழுதாள், அது மேல்நோக்கி விழுந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் தரையெல்லாம் ஈரம் காண்கிறது என்று சண்டைக்கு வந்தார். கலையரசன் மறுநாள் எடையோடும் நிழலோடும் வேலைக்குப் போனான் என்று வேணி எழுதிப் பார்த்தாள். அர்த்தம் இருப்பதாகச் சொல்லி சௌரிராஜன் அதை அழித்துவிட்டார். அழித்திராவிட்டாலும் நடந்திருக்காது. அர்த்தமுள்ள எதுவும் அந்தக் குழுவில் பலித்ததில்லை.

கண்ணால் கண்டால் யாருக்கும் மனம் இளகும் என்று நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனாள். சௌரிராஜன் நல்ல மாதிரியான மனிதர். வாசலுக்கே வந்து, "வாங்கோ, வாங்கோ, உள்ள வாங்கோ" என்று அழைத்து உட்காரவைத்தார். கலையரசன் பையைக் கழற்றிக் கீழே வைத்ததும், நாற்காலியிலிருந்து மிதந்து எழும்பி மின்விசிறிக்குக் கீழே அந்தரத்தில் போய் நின்றான். சௌரிராஜன் எழுந்துவிட்டார். "பெருமாளே! அப்படியே நடக்கறதே!" என்றார். அவர் கண் கலங்கியதை வேணி பார்த்தாள், போன உயிர் வந்தது அவளுக்கு. "சார், நீங்க ஒருத்தர் சொன்னா எல்லாரும் கேப்பாங்க. இதோட நிறுத்திடச் சொல்லுங்க சார்" என்றாள். "நிறுத்திடறேம்மா. ரங்கநாதன் சத்தியமா நிறுத்திடறேன்" என்றார் அவர். உள்ளே போய் அவரே காபி கலந்துகொண்டு வந்து, கலையரசன் காலைப் பிடித்துக் கீழே இழுத்து உட்காரவைத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் இருக்கையில் வேணியின் போன் சிணுங்கியது. 'கலையரசன் ஸ்ரீரங்கத்தில் காபி குடித்தான், காபி அவனைக் குடித்தது.' எழுதியவர் சௌரிராஜன். பக்கத்து இருக்கையில் சட்டையும் பேண்ட்டும் பையும் மட்டும் இருந்தன. சட்டைக்குள் தேடினாள். ஒரு டம்ளருக்குள் நின்றால் தலை மட்டும் வெளியே தெரிகிற அளவில் கலையரசன் இருந்தான். போனில் அழைத்து அவள் கத்தியபோது, சௌரிராஜன் மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கோம்மா. நான் எழுதணும்னு நெனைக்கல. தானா வந்துடுத்து. இப்படி ஒரு வரி வந்தப்பறம் எழுதாம எப்படி இருக்கறது?" என்றார். கொலை செய்கிறவர்களிடம்கூட இதைவிடப் பெரிய காரணம் இருக்கும்.

கார்த்திகை பிறப்பதற்குள் குழுவுக்கு அலுத்துவிட்டது. தங்கள் முகத்தைக் குழந்தை முகமாக மாற்றிப் படம் போடும் வேறொரு விளையாட்டு வந்திருந்தது, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். சௌரிராஜனும் போனார். காலியான குழுவில் வேணி ஒருத்திதான் மிச்சம். இனி அழிக்கவும் ஆளில்லை, மறித்து எழுதவும் ஆளில்லை என்று அவள் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். பூசணிக்காய் தும்மியதில் கலையரசன் பழைய உயரத்துக்கு வந்தான் என்று எழுதினாள். பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருந்தது. எறும்பு ஏப்பம் விட்டதில், ஆட்டுக்கல் பாட்டுப் பாடியதில் என்று என்னென்னவோ எழுதினாள். எதுவும் பலிக்கவில்லை. எப்படிச் சுற்றி எழுதினாலும் அடியில் அவன் திரும்பி வர வேண்டும் என்ற ஒன்று கிடந்தது. அது அர்த்தம். வேண்டுதல் உள்ளவளுக்கு உளற வராது. விட்டுப் போனவர்களைத் தேடிப்பிடித்து, ஒரே ஒரு வரி எழுதித் தரும்படி கெஞ்சினாள். பெலிண்டா நம்பினாள், நம்பியதால் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது, எழுதியது பலிக்கவில்லை. நம்பாதவர்கள் பதிலே போடவில்லை.

இதைக் கலையரசனிடமும் சொன்னாள். டம்ளர் விளிம்பில் கையூன்றி நின்று கேட்டுக்கொண்டான். "அப்போ நீ என்னைய மறந்தாத்தான் உண்டு" என்றான். "அது இந்த ஜென்மத்துல நடக்காதுங்க" என்றாள் வேணி. அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். அந்தக் காலத்தில் அவனைச் சேலைத் தலைப்பில் ஊக்கு மாட்டிக் குத்திக்கொண்டு வேலைக்குப் போவாள். பில் போடும்போது அவன் அவள் தோளில் நின்று நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். பொம்மைக்குத் தைப்பதுபோல அவனுக்குச் சட்டை தைத்தாள், சோற்றை நசுக்கி ஊட்டினாள், காதில் தண்ணீர் வரும் நாட்களில் கிண்ணம் வைத்தாள். அவன் அவளிடம் வாய் ஓயாமல் பேசியது அந்த ஒரு வருஷம்தான். ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருநாள் சொன்னான். பிறகு அவளுக்கு முதுகுவலி வந்தது, சென்டரில் ஆள் குறைத்து வேலையைக் கூட்டினார்கள், மாடிக்காரர் வாடகையைக் கூட்டினார். கோபம் வந்த நாளில் அவனைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். அப்புறம் கோபம் வராத நாளிலும் வைத்தாள். வேலைக்குப் போகும்போது ஜன்னல் திரையில் ஊக்கால் மாட்டிவிட்டுப் போகலானாள். ஊட்டுவது போய், பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது வந்தது. அவன் கூப்பிடும் குரல் சின்னதாக இருந்ததால், கேட்காததுபோல இருப்பது சுலபமாக இருந்தது. இதற்காக அவளை ஏசுகிறவர்கள் ஒரு மாதம் வந்து செய்து பார்க்கட்டும்.

இந்த வருஷம் புரட்டாசியில் ஒரு மதியம், தில்லை நகரில் கரண்ட் போய் ஸ்கேன் மிஷின் நின்றுவிட்டது. காத்திருந்தவர்கள் வெளியே காற்று வாங்கப் போனார்கள். வேணி போன் திரையைத் தள்ளிக்கொண்டே போனதில் பழைய குழு கண்ணில் பட்டது. அலுப்பில் விரல் தானாக ஒரு வரி அடித்தது: 'கொத்தமல்லிக் கட்டுக்குக் கல்யாணம், கலையரசன் அதில் எழுபது கிலோ.' கரண்ட் வந்தது. போனை வைத்துவிட்டு டோக்கனைக் கூப்பிட்டாள். எழுதியதே அவளுக்கு நினைவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது ஜன்னல் திரை கம்பியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்து கிடந்தது. ஃபிரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டின்மேல் மஞ்சள் கயிறு ஏறியிருந்தது. திரைத்துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கலையரசன் அடுப்படி வாசலில் முழு உயரத்தில் நின்றான். அவன் நின்ற இடத்தில் பெயர்ந்திருந்த டைல்ஸ் நறுக்கென்றது.

"எழுதுனியா?" என்று கேட்டான். எழுதியது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஆமாங்க. சும்மா, கரண்ட் இல்லன்னு."

"என்னைய நெனச்சு எழுதலையா?"

பொய் சொல்ல வழியில்லை. நினைத்து எழுதியிருந்தால் அவன் இந்நேரம் திரையில் தொங்கிக்கொண்டிருப்பான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இல்லங்க" என்றாள்.

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள், நல்லபடியாக வளர்ந்துவிட்டார் என்றார்கள், கிளம்பினார்கள். மறுநாள் கலையரசன் தில்லை நகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறிப் பார்த்தான், அது அவனைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மேலே போனது. கம்பெனி பழைய சம்பளத்துக்கே திரும்பச் சேர்த்துக்கொண்டது. அன்று வேணி தட்டு வைத்து இரண்டு கரண்டி சோறு போட்டு, "போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவனுக்கு நல்ல பசி.

"போதுங்க" என்றான் கலையரசன்.