ஒரு சாண் இடைவெளி

“நைனா, பொட்டிக்குள்ள இருந்த சூடெல்லாம் எங்க போச்சு?”

கயல்விழி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் திருத்தணி ரயில் நிலையச் சாலையில் இருந்த அப்பாவின் பழுதுபார்க்கும் கடைக்கு வந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பிரிட்ஜின் கதவைத் திறந்து முகத்தைக் குளிரவிட்டுக்கொள்வது அவள் வழக்கம். ஜம்புலிங்கம் மகளைத் தூக்கிப்போய்ப் பெட்டியின் பின்பக்கம் நிறுத்தி, அங்கிருந்த கறுப்புக் கம்பிவலைக்கு முன்னால் அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “தோ, இப்படிக்காத்தான் வெளிய போவுது.” அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “பின்னாடி அடைச்சிட்டா?” “அடைச்சிட்டா பொட்டிக்கு மூச்சு முட்டும்.”

அந்தக் கயல்விழி இப்போது தினமும் காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறாள். அவள் கேள்விக்குச் சொன்ன பதிலைத்தான் ஜம்புலிங்கம் இன்றுவரை வீடு வீடாகச் சொல்லிவந்தார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பின்பக்கத்தைத் துடையுங்கள், பாதி வியாதி அண்டாது. மீதிப் பாதியும் பெரிதாக ஒன்றும் இருக்காது. அடியில் தண்ணீர் தேங்குகிறது என்பார்கள். உள்ளே தண்ணீர் வடிகிற சின்னத் துளையில் கறிவேப்பிலைக் காம்பு ஒன்று குறுக்கே கிடக்கும். ஐஸ் மலையாகக் குவிகிறது என்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கதவோரத்தில் வைத்த சந்தனம் ரப்பரில் வழிந்து, காய்ந்து மேடு தட்டி, கதவை ஒரு நூல் அளவு திறந்தே வைத்திருக்கும். கொதிக்கிற குழம்பைச் சட்டியோடு உள்ளே வைத்துவிட்டுக் குளிரவில்லை என்று போன் பண்ணுகிறவர்களும் உண்டு. வெந்நீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும் என்கிற இடத்தில் அவர் வேறு எதையும் மாற்றியதில்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வம் சித்திரைக் கிருத்திகை அன்று பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்கூடத்தில் சறுக்கியது. ஆனால் சறுக்கியது அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை.

மாதாமாதம் கிருத்திகைக்கு அவர் சாப்பிட மாட்டார். அன்றும் வெறும் வயிற்றோடுதான் கிளம்பினார். அழைத்தவள் பூவம்மாள். அவள் கணவன் ராஜமாணிக்கம் கூலிக்கு இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். அவள் அந்த வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து ஐந்தாறு தெருவுக்குக் கொடுத்துவந்தாள். வீட்டுக்குள் இடமில்லாததால் பிரிட்ஜ் தறிகளுக்குப் பக்கத்தில், நூல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே திணிக்கப்பட்டிருந்தது. தகரக் கூரையின் வெக்கை ஒரு பக்கம், இரண்டு தறிகளின் இரைச்சல் ஒரு பக்கம். பெட்டியை வெளியே இழுக்க வேண்டுமானால் மூட்டைகளை நகர்த்த வேண்டும், தறியையும் நிறுத்த வேண்டும். ஜம்புலிங்கம் இரண்டையும் கேட்கவில்லை. கீழே கையை நுழைத்துக் கம்ப்ரசரைத் தொட்டார். சுட்டுவிட்டது. ஓடுவதும் இரண்டு நிமிடத்தில் நின்றுபோவதுமாக இருந்தது. நிமிர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இடத்தைவிட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது.

“கம்ப்ரசர் போச்சும்மா. இதுக்குச் செலவு பண்றது வீண்” என்றார்.

பூவம்மாள் பெட்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். “அது கிடக்குது, நீ மொதல்ல குந்துண்ணா. இப்படி வேர்த்து ஊத்துதே. துன்னியா இல்லியா?”

“கிருத்திகைம்மா.”

“ஆங், பாலு, பழம் விரதத்துக்கு ஆவும்ல? குடிச்சிட்டுத்தான் எழுந்துக்கணும். வெறும் வயித்தோட இந்த வெயில்ல வண்டி ஓட்டிகினு போவ உடமாட்டேன்.”

அன்றைக்கு அந்த வீட்டில் திரிந்துபோகாமல் மிஞ்சிய பால் அரை டம்ளர்தான். அதைக் காய்ச்சி, இரண்டு வாழைப்பழத்தோடு கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை முறத்தால் விசிறிக்கொண்டு நின்றாள். புறப்படும்போது வந்துபோனதற்கான கூலியை நீட்டினாள். வேண்டாம் என்று பெரிய மனதோடு மறுத்துவிட்டுத்தான் ஜம்புலிங்கம் வண்டியைக் கிளப்பினார். அன்று மாலை மலையேறிச் சாமி கும்பிட்டபோது, நல்லதாக ஒரு காரியம் செய்தோம் என்ற நிறைவுகூட இருந்தது.

ஆனி மாதக் கடைசியில், பழைய சாமான் எடுக்கும் ராஜேஷ் தன் வண்டியில் ஒரு பிரிட்ஜை ஏற்றிவந்து கடை வாசலில் இறக்கினான். உதிரிப் பாகத்துக்காக இப்படிப்பட்ட பெட்டிகளை ஜம்புலிங்கம் எடுத்துக்கொள்வதுண்டு. கதவில் பாதி கிழிந்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எதிர் வீடு ஒன்று, டீச்சர் இரண்டு, கோயில் தெரு மூன்று என்று மாவு கொடுக்கும் கணக்கு. பார்த்ததுமே பூவம்மாள் வீட்டுப் பெட்டி என்று அவருக்கு விளங்கிவிட்டது. ராஜேஷ் போன பிறகு பெட்டியைத் திருப்பினார்.

பின்பக்கக் கம்பிவலை தெரியவே இல்லை. அதன்மேல் பஞ்சு போர்த்தியிருந்தது. தறியிலிருந்து பறந்த நூல்தூசி வருடக்கணக்கில் படிந்து படிந்து, கனத்த துப்பட்டியைப்போல இறுகிக் கிடந்தது. ஓரத்தைக் கிள்ளி உரித்தார். மேலே நீலம், அதற்கடியில் மெரூன், பிறகு பச்சை, மறுபடியும் நீலம். எந்தப் பருவத்தில் எந்த நிற லுங்கி நெய்தார்கள் என்பதை அடுக்கடுக்காகச் சொல்லிவிடலாம்போல் இருந்தது. முழுவதையும் உரித்து, பிரஷ் போட்டுத் தட்டி, பிளக்கைச் சொருகினார். ஒரு மணி நேரத்தில் உள்ளே வைத்த தண்ணீர்ப் பாட்டில் வியர்த்தது.

கம்ப்ரசருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. மூச்சுமுட்டிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். மகளுக்கு ஆறு வயதிலேயே தெரிந்தது அன்றைக்குத் தனக்குத் தெரியாமல்போனதே என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ராஜேஷைப் பிடித்துக் கேட்டார்.

“அந்தம்மாவா? மாவு யாவாரத்த உட்டுட்டுச்சு, மேஸ்திரி. வெயில் காலத்துல பொட்டி இல்லாம வெச்சா மாவு புளிச்சிப் பொங்கிடுது. நாலு வீட்ல திட்டு வாங்கிட்டு நிறுத்திடுச்சு. இப்போ காலங்காத்தால பஸ் ஏறி இங்க ஒரு மண்டபத்துல பாத்திரம் தேய்க்க வருது. ஊட்டுக்காரருக்கு வேற கண்ணுல புரை. அறுந்த இழைய இந்தம்மாதான் பார்த்துக் கட்டும். இப்போ ஆளில்ல, ஒரு தறி சும்மாதான் நிக்குது.”

அன்று வீட்டில் ஜம்புலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி நிர்மலா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இன்னாத்துக்கு இப்படிப் பெசைஞ்சிகினே குந்திகினு கீறீங்க? உப்பு கம்மியா?”

சொன்னார்.

“போய்ச் சொல்லிட்டுப் பொட்டிய குடுத்துட்டு வாங்களேன். இதுல இன்னா இருக்குது?”

“சொன்னா அந்தம்மா இன்னா பண்ணும்? பரவால்லண்ணா, மனுசனுக்குத் தப்பு வராதான்னு சொல்லும். சொல்லிட்டு மறுபடியும் பாலு காய்ச்சி எடுத்தாரும். அத்த என்னால வாங்கிக் குடிக்க முடியாது, நிர்மலா.”

“அது உங்க மானம். அந்தம்மா அடுப்புக்கரி போட்டு அண்டா தேய்க்குதே, அதுக்கு யாரு பதில் சொல்றது?”

அவர் தட்டிலேயே கை கழுவினார். நிர்மலா சொன்னது நியாயம்தான். தவறை ஒப்புக்கொள்ளவும் ஒரு துணிச்சல் வேண்டும், அதைவிட மன்னிப்பை வாங்கிக்கொள்ள அதிகத் துணிச்சல் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டும் தன்னிடம் போதிய அளவு இல்லை. ஆனால் கை இருக்கிறது, தொழில் இருக்கிறது. அடுத்த பத்து நாளும் கடையை மூடும் முன் ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்தார். கதவு ரப்பரை மாற்றினார், துருப்பிடித்த கால்களுக்குப் புதிதாகத் திருகு போட்டார், ஸ்டெபிலைசர் ஒன்றைச் சேர்த்தார். கதவில் ஒட்டியிருந்த தாளை மட்டும் உரிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்க மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது, ஜம்புலிங்கம் தன் லோடு ஆட்டோவில் பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கட்டி எதிர்த்திசையில் போனார். அந்தத் தெருக்காரர்கள் அன்றைக்குத் தறிகளை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு மலைக்குக் காவடி எடுத்து வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஆடிக் கிருத்திகைக்கு மலையேறாமல் இருப்பது இதுதான் முதல்முறை. முருகனிடம் காலையிலேயே, பூசை அறையில் நின்று, கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

தெருவில் ஆளே இல்லை. பூவம்மாள் வீடு பூட்டியிருந்தது. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த நடையின் கம்பிக்கதவு வெறுமனே கொக்கி போட்டிருந்தது. உள்ளே, துணி போர்த்திய மாவு கிரைண்டர் ஒரு மூலையில் நின்றது. பக்கத்தில் பிளக் போர்டு. இங்கே பஞ்சு பறக்காது, காற்றும் வரும். ஆட்டோவிலிருந்து பலகையைச் சாய்த்துப் பெட்டியை மெல்ல இறக்கி, ஒரு காலும் மறு காலுமாக நடத்திக் கொண்டுபோய் கிரைண்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சுவரிலிருந்து சாண் போட்டு அளந்தார். நடையையும் ஒருமுறை பெருக்கினார்.

ஏற்றி இறக்கிய பெட்டியை உடனே போடக் கூடாது. உள்ளே குலுங்கிய எண்ணெய் அடங்க ஒரு மணி நேரமாவது வேண்டும். போட்டுப் பார்க்காமல் போய்விடலாம்; ஆனால் ஒரு தடவை பார்க்காமல் போனதற்குத்தானே இத்தனையும். கிரைண்டர் ஓரமாக உட்கார்ந்தார். தெருவில் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து கம்பிக்கதவு வழியே எட்டிப் பார்த்தார். பிறத்தியார் வீட்டில் பொருளை எடுக்க வந்தவன்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டான் என்று நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஓர் அட்டைத் துண்டில் எழுதினார்.

‘இந்தப் பெட்டி கெட்டுப்போகவில்லை. பார்த்தவன் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. தறிக்கூடத்தில் வைக்க வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்னால் பிரஷ்ஷால் தூசி தட்டவும்.’

அதற்குக் கீழே மன்னிக்கவும் என்று எழுதினார். படித்துப் பார்த்தார். கொடுக்க வந்த இடத்தில் எதையோ கேட்பதுபோல் இருந்தது. அந்த வரியை மட்டும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, மிச்ச அட்டையைப் பெட்டிமேல் வைத்தார். பெயர் எழுதவில்லை.

நேரம் ஆனதும் பிளக்கைச் சொருகினார். பெட்டி ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறதா என்று நின்று பார்த்தார். கையை உள்ளே விட்டுப் பார்த்தார். கம்பிக்கதவின் கொக்கியை இருந்தபடியே மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

ஊர் எல்லை தாண்டிய இடத்தில் சாலை ஒடுங்குகிறது. எதிரே திருத்தணியிலிருந்து கூட்டத்தை அடைத்துக்கொண்டு பஸ் ஒன்று வந்தது. ஜம்புலிங்கம் ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்தினார். முன்னால் ஒரு மாட்டுவண்டி திரும்புவதற்காக பஸ்ஸும் அவருக்கு நேராக வந்து நின்றது. மொட்டைத் தலைகளும் சந்தனமுமாக இருந்த ஜன்னல்களில் ஒன்றில் பூவம்மாள் இருந்தாள். மஞ்சள் புடவையில், வாய் லேசாகத் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு, அவள் நெற்றி ஜன்னல் கம்பியில் இடித்துவிடாமல், நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தது.

மாட்டுவண்டி விலகியது. பஸ் குலுங்கி நகர்ந்தது. அந்தக் கை அப்படியே இருந்தது.