சனிக்கிழமைக்கு முன்

நர்ஸ் என்னைத் திட்டத் தொடங்கியபோது நான் குறுக்கே பேசவில்லை. அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று சொல்ல வேண்டுமானால் மீதியையும் சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பு இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி இல்லை. மனைவியின் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். மடியில் எட்டு மாதப் பையன். அவளுடைய மூத்த குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அந்தக் குழந்தையையும் என் மகளையும் வீட்டில் அத்தை, என் மாமியார், பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மனைவி போன பிறகு அப்படி அமைந்துவிட்டது.

சின்னவளின் கணவர், என் சகலை, வெளியூரில் பாலம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறார். போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. வருகிற சனிக்கிழமை வருகிறார். அவர் வருவதற்குள், அடுத்த பிள்ளை இப்போதைக்கு வராமல் இருக்கச் சின்னவளுக்கு ஓர் ஏற்பாடு ஆகிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தச் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போடும்போது அவள் என்னிடம் கேட்டாள். அம்மாவிடம் கேட்க முடியாது. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். புருஷனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். உனக்கு எது சரியோ அதைச் செய், நான் வந்து ஏதாவது குறுக்கே பேசினால் செருப்பால் அடி என்றாராம். நல்ல மனுஷன். அவர் மேல் குறை ஒன்றும் இல்லை என்றாள்.

"வாசல்ல நின்னு எதிர்பார்க்கணும்னு ஆசையா இருக்கு அத்தான். ஆனா நினைச்சாலே அக்கா ஞாபகம் வந்துடுது."

நான் துணிக்குப் போடும் கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை லீவு போடுகிறேன் என்றேன்.

போன மாதம் அவள் தனியாக ஒரு தடவை வந்து போயிருக்கிறாள். தையல் ஆலையில் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று பொறுப்பில் இருந்த வேறொரு நர்ஸ் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மாதவிலக்கு வந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார். பால் கொடுக்கிறவளுக்கு அது இன்னும் திரும்பவில்லை. அது வந்தால்தான் கர்ப்பம் இல்லை என்று நம்புவார்கள். நம்பினால்தான் ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். அந்த நிலையத்தில் அதுதான் வழக்கம். எங்கும் எழுதி ஒட்டி நான் பார்த்ததில்லை. அவர்கள் சொல்வார்கள், பெண்கள் திரும்பிப் போவார்கள்.

என் மனைவியும் அப்படித் திரும்பிப் போனவள்தான். மகளுக்கு அப்போது பத்து மாதம். இதே அறைக்கு இருவரும் வந்தோம். இன்று என்னைத் திட்டிய இதே நர்ஸ்தான் இருந்தார். மாதவிலக்கு வந்ததும் வாருங்கள் என்றார். அது வரவில்லை. அதற்குள் இரண்டாவது குழந்தை உண்டாகிவிட்டது. உடம்பில் ரத்தம் தேறவில்லை என்று மருத்துவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிரசவத்தில் இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

அறையில் எதுவும் மாறியிருக்கவில்லை. எடை பார்க்கும் இயந்திரம். பச்சைத் திரை. காலாடும் மேசை, அதன் காலடியில் மடித்துச் செருகிய அட்டை. வெளியே பெஞ்சில் நான்கைந்து பெண்கள். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே பேசுவது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நர்ஸுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சின்னவளை உற்றுப் பார்த்தார். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே முகவெட்டு, ஒரே தெற்றுப்பல்.

"கடன் வாங்கிட்டு வரவான்னு கேட்டவதானே நீ?" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று வந்தபோது, மாதவிலக்கு வந்தால்தான் ஆகும் என்று இவர் சொன்னதற்கு என் மனைவி, எனக்கு வரலைன்னா நான் என்ன பண்ண, பக்கத்து வீட்டுல கடன் வாங்கிட்டு வரவா என்று கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தார். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

அவள் பேசிய ஒன்றை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு வெகு நாளாகிவிட்டது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாங்கள் எல்லோரும் அவள் இறந்ததை மட்டும் ஞாபகம் வைத்திருந்தோம்.

சின்னவள் என்னை அத்தான் என்று கூப்பிட்டதும் காரியத்தைக் கெடுத்தது. நர்ஸின் தலைமுறையில் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? பொம்பளைக்கு ஆயிரம் வேலை, மறந்துடுவா. நீங்க கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா? இப்ப பாருங்க, கையில இன்னொண்ணு. ஆம்பளைங்களுக்குப் பேர் வைக்கிறப்பதான் பொறுப்பு வரும் போல."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னவள் வாயைத் திறந்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். திட்டி முடிக்கட்டும், வந்த வேலை ஆனால் போதும் என்று இருந்தது.

வந்த வேலை ஆகவில்லை. திட்டி முடித்த கையோடு நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இன்னும் வரவில்லை என்றாள் சின்னவள். நர்ஸ் பெருமூச்சு விட்டார். அப்படியானால் வந்ததும் வா என்றார்.

சின்னவள் எழுந்திருக்கவில்லை. அக்காவின் வாய் அவளுக்குக் கிடையாது. ஆலையில் கூட மேற்பார்வையாளர் கத்தினால் தலையைக் குனிந்துகொண்டு தைக்கிறவள். பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"சனிக்கிழமை அவர் வந்துடுவாரும்மா. அதுக்கப்புறம் எனக்கு வராமலே போனா?"

"யாரு வர்றது?"

"எங்க வீட்டுக்காரர். ரெண்டு மாசமா ஊர்லயே இல்லை."

நர்ஸ் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அப்ப இவர் யாரு?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் என்றாள் சின்னவள். நர்ஸுக்கு அது போதவில்லை. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வர அக்காவுக்கு என்ன கேடு என்று கேட்டார்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கடன் வாங்கிட்டு வரவான்னு கேட்டது இவ இல்லை, இவ அக்கா. அது கடைசி வரைக்கும் வரலை. குழந்தைதான் உண்டாச்சு. பிரசவத்துல போயிட்டா."

நான் குரலை உயர்த்தவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இருந்ததா என்று கேட்டால் தெரியாது. அந்த நாட்களில் எனக்கு எதன் மேலும் எதுவும் இல்லை.

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். எத்தனையோ பேரிடம் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்றார், எங்களிடம் சொல்வது போல இல்லாமல். பிறகு விவரமாகச் சொன்னார். போன வருஷம் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்களாம். மாதவிலக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சில கேள்விகள் கேட்டால் போதும், சந்தேகம் இருந்தால் கர்ப்பம் பார்க்கும் கார்டில் சிறுநீர் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கார்டு அனுப்புகிறோம் என்றார்களாம். வரவில்லை.

"வரலைன்னதும் நானும் பழைய பல்லவிக்கே போயிட்டேன்" என்றார்.

சின்னவளிடம் திரும்பி, புருஷன் போய் இரண்டு மாதம் என்பது நிச்சயம்தானா என்று கேட்டார். நிச்சயம் என்றாள். அப்படியானால் இன்று கார்டு என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை, அதில் தப்பு வராது என்றார். புருஷன் கிளம்புவதற்கு முன்பே உண்டாகியிருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். இல்லை என்று காட்டினால் இன்றைக்கே வேலை முடிந்தது. தன் கைப்பையைத் திறந்து என்னிடம் பணம் கொடுத்து எதிர்க்கடைக்குப் போகச் சொன்னார்.

"ஒண்ணு வாங்காதீங்க. ஒரு பெட்டியா வாங்கிட்டு வாங்க. வெளியில உட்கார்ந்திருக்கிறவங்களும் இருக்காங்க."

எதிர் மருந்துக்கடைக்காரருக்கு எங்கள் பக்கத்தில் மைக்செட் என்று பெயர். மெதுவாகப் பேச அவருக்கு வராது. மூலத்துக்கு மருந்து வாங்குகிறவர்கள் இரண்டு தெரு தள்ளிப் போவார்கள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன்.

"கர்ப்பம் பார்க்கிற கார்டா?" என்றார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். "ஒண்ணா, ரெண்டா?"

"பெட்டி."

அவர் என் மனைவியின் சாவுக்கு வந்தவர். கையில் எடுத்த பெட்டியோடு அப்படியே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, தம்பி, வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று கேட்டார். எனக்கு இல்லை, நர்ஸுக்கு என்றேன். குரல் பழையபடி ஏறிவிட்டது.

"அவங்களுக்கா? இந்த வயசுலயா?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கும்போதும் வந்துகொண்டிருந்தது. நிலையத்தின் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் போகவில்லை. நர்ஸே வந்து உட்காரச் சொல்லிவிட்டுப் போனாராம். சின்னவள் பின்பக்கக் கழிப்பறைக்குப் போய் வந்தாள். நர்ஸ் கார்டை ஜன்னல் திட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டார். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. சின்னவள் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையன் என் சட்டைப் பையிலிருந்து பேனாவைப் பிடுங்கப் பார்த்தான். கொடுத்துவிட்டேன்.

ஒரு கோடு வந்தது. அதற்குப் பக்கத்து இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன வெள்ளைக்குள் ஏதோ மங்கலாகத் தெரிவது போல ஒரு தடவை தோன்றியது. கண்ணை மூடித் திறந்தேன். ஒன்றும் இல்லை. நர்ஸ் கார்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சொன்ன நேரத்துக்கு மேலும் காத்திருந்தார்.

"ஒண்ணுதான். திரும்பிப் பாரு."

சின்னவள் வந்து பார்த்தாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. அவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பால் கொடுக்கிறவளுக்கு எது ஒத்துக்கொள்ளும், எதில் தலைவலி வரலாம், எதை மறந்தால் ஆபத்து. பிறகு உனக்கு எது வேண்டும் என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாத ஒன்று வேண்டும் என்றாள் சின்னவள்.

கையில் வைக்கும் மருந்துக் குச்சி என்று முடிவாயிற்று. தீக்குச்சியைப் போல இருக்கும். மேல்கையின் உள்பக்கம், தோலுக்கு அடியில். சில வருஷங்களுக்குக் கவலை இல்லை. நான் பையனோடு திரைக்கு வெளியே நின்றேன். மரத்துப்போக ஊசி போடுகிறேன் என்று நர்ஸ் சொல்வது கேட்டது. நடுவில் கவனத்தைத் திருப்பும் பேச்சாக, புருஷன் என்ன வேலை என்று கேட்டார். கிரேன் ஓட்டுகிறார், எவ்வளவு பெரிய தூணையும் நூல் பிசகாமல் இறக்கி வைப்பார் என்றாள். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டுதான் இங்கே வந்து பயந்தாயா என்றார் நர்ஸ். சின்னவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"விலக்கு முன்னபின்ன ஆகும், பயப்படாதே. ஒத்துக்கலைன்னாலும், பிள்ளை வேணும்னு தோணினாலும் எந்த நாள்னாலும் வா, எடுத்துடறேன். ஏன்னு கேட்க மாட்டேன்."

வெளியே வந்தபோது சின்னவளின் கையில் வெள்ளைக் கட்டு. நர்ஸ் என் முன்னால் வந்து நின்றார். தம்பி, அன்னிக்கு என்று தொடங்கினார். அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை. சரிம்மா என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்ன பிறகு மூச்சு விடுவது லேசாக இருந்தது. அவர் கதவை முழுசாகத் திறந்து பெஞ்சைப் பார்த்தார்.

"அடுத்தது யாரு? வந்திருக்கா வரலையாங்கறதெல்லாம் இருக்கட்டும். உள்ள வா."

பஸ் நிறுத்தத்தில் சின்னவள் கட்டுப் போடாத கையால் போனை எடுத்தாள். நான் நாலடி தள்ளி நின்றேன். அவள் மறைக்கவில்லை. ஆச்சு என்றாள். வலியெல்லாம் இல்லை என்றாள். அந்தப் பக்கம் அவர் என்னவோ சொல்லியிருக்க வேண்டும். சீ, பக்கத்தில் அத்தான் நிற்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள். 

"சனிக்கிழமை எந்த வண்டி? முன்னாடி வண்டி கிடைக்காதா?" என்று கேட்டாள்.

போனை வைத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அக்கா கேட்ட அந்தக் கடன் விஷயத்தையும் சொல்லலாமா என்று கேட்டாள். அத்தைக்கு அது தெரியாது. சொல், சிரித்தாலும் சிரிப்பார் என்றேன்.

பையன் என் தோளில் தூங்கிவிட்டிருந்தான். எனக்குப் பசித்தது. காலையில் சாப்பிட்டேனா என்று யோசித்தேன். ஞாபகம் இல்லை. ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்றேன்.

"நீங்களா கேக்கறீங்க?" என்றாள் சின்னவள்.

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தார். நாங்கள் ஏறவில்லை. போங்கள் என்று கையைக் காட்டினேன்.