ஓங்காத கை

டெய்லர் அக்காவுக்குத் தன் தையலைப் பற்றிக்கூட அவ்வளவு பெருமை கிடையாது. தோள்பட்டை பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் மறுபேச்சில்லாமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். நாய்க்குட்டி விஷயத்தில் மட்டும் அவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது. விலங்குக் காப்பகம் தருகிற குட்டிகளை, நல்ல வீடு அமையும்வரை தன்னிடம் வைத்து நாலு விஷயம் பழக்கிக் கொடுப்பது அவள் வேலை. சம்பளமில்லாத வேலை. இதுவரை ஆறு குட்டிகள். ஆறும் போன இடத்தில் ராஜாவாக இருக்கின்றன என்று, கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வாள்.

ஏழாவதற்குப் பட்டன் என்று பெயர். மூக்கு அப்படி. அதற்கும் வழக்கமான பாடம்தான். குடையைத் தள்ளி நின்று விரித்துக் காட்டி, வேகவைத்த கோழி ஒரு துண்டு. தாடிக்காரர் தெருவில் போனால் ஒரு துண்டு. தையல் மெஷின், படிக்கட்டு, ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. குட்டி பயப்படுவதற்கு முன்பே பாடம் முடிந்துவிட வேண்டும். ஊசி போடும்போதும் நகம் வெட்டும்போதும் மட்டும் கோழி செல்லுபடியாகாது. அப்போது கழுத்தைத் தடவி, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்பாள். காதில் புண் வந்து இருபது நாள் மருந்து விட்டபோதும் அப்படித்தான். மூன்றே மாதத்தில் பட்டன் பேருந்து நிலையத்தில் கால் நீட்டித் தூங்கும் அளவுக்குத் தேறிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். தாயில்லாத ஒன்பது வயது மகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. ஆள் ஆறடி, முழங்கை வரை கிரீஸ், பேசினால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அக்காவுக்குப் பார்த்ததுமே ஆளைப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துக் குட்டியைப் பார்க்கப் போனாள். பட்டன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"பொண்ணுகிட்ட நல்லாத்தான் இருக்கு. நான் சமாதானப்படுத்தப் போனா ஓடிடுது. ஒண்ணும் புரியலக்கா" என்றார் மெக்கானிக். பிறகு தரையில் மண்டியிட்டு, அந்தப் பெரிய குரலைத் தணித்துக்கொண்டு கையை நீட்டினார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல." குட்டி இருந்த இடத்திலேயே மூத்திரம் விட்டுவிட்டது.

அக்கா விருட்டென்று எழுந்தாள். நேராகக் காப்பகத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அந்த ஆளு குட்டியப் போட்டு அடிக்கிறாரு."

"நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு தேய்ந்து போயிருக்காது.

"கை ஓங்கினத என் கண்ணால பாத்தேன்" என்றாள் அக்கா.

அன்று மாலையே பட்டன் அவள் வீட்டுக்குத் திரும்பியது. இனி குட்டி தரக்கூடாதவர்கள் பட்டியலில் மெக்கானிக்கின் பெயர் ஏறியது. தொடவே இல்லை என்று மனிதர் மன்றாடினாராம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள் அக்கா.

இரண்டு வாரம் போயிருக்கும். அளவு பார்க்கும்போது ஒரு வாடிக்கையாளரின் குழந்தைக்குத் தோளில் குண்டூசி குத்திவிட்டது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று அக்கா தடவிக் கொடுத்தாள். துணிக்குவியலில் மல்லாந்து கிடந்த பட்டன் அடித்துப் பிடித்து எழுந்து, மெஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டு நடுங்கியது.

வந்தவர்கள் போனதும் அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். "வாடா பட்டன்" என்றாள். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பிறகு, தள்ளி உட்கார்ந்தபடியே, அந்த வார்த்தையை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். வால் உள்ளே போனது. குட்டி மறுபடி மெஷினுக்கு அடியில்.

ஊசி, நகவெட்டி, காதுமருந்து. ஒவ்வொரு தடவையும் முன்னால் அந்த வார்த்தை, பின்னாலேயே வலி. உலகத்தையெல்லாம் பயமில்லாமல் பழக்கியவள், இதையும் சேர்த்துப் பழக்கிவிட்டிருந்தாள். அந்த மனிதர் ஆறுதல் சொல்லச் சொல்லக் குட்டி மிரண்டதற்கு இவள்தான் காரணம்.

"விடு. யாருக்குத் தெரியப்போகுது? நீ என்ன வேணும்னா பண்ணின?" என்றார் அவள் கணவர்.

"வார்த்தைய வேணும்னு பழக்கல. கை ஓங்கினாருன்னு வேணும்னுதான் சொன்னேன்."

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை. பட்டியலை எடுத்து ஒரு பெயரை அடித்தார், அதன் கீழே இன்னொரு பெயரை எழுதினார். யார் பெயர் என்று அக்கா கேட்கவில்லை.

அங்கிருந்து மெக்கானிக் வீட்டுக்குப் போனாள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"நானே நம்பிட்டேன்க்கா. குட்டி மிரள்றதப் பாத்து, தூக்கக் கலக்கத்துல ஏதாவது பண்ணித் தொலைச்சிட்டேனோன்னு" என்றார். "நாயை விடுங்க. ரெண்டு வாரமா என் பொண்ணு தலை பின்ன என்கிட்ட வரமாட்டேங்குறா. நான் சீப்பை எடுத்தா தோளைக் குறுக்கிக்கிறா. என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க."

மகள் வந்து நின்றாள். சிக்குப் பிடித்த தலைமுடியை ரப்பர் பேண்டில் அள்ளிச் சுற்றியிருந்தாள். காப்பகத்தில் மூச்சுவிடாமல் பேசிய அக்காவுக்கு இங்கே ஒவ்வொரு வார்த்தையையும் தேட வேண்டியிருந்தது.

"உங்க அப்பா பட்டன அடிக்கலம்மா."

"பின்ன யாரு அடிச்சா?"

"யாருமே அடிக்கல. பாத்தேன்னு நான் சொன்னது பொய்."

"ஏன் சொன்னீங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் வளத்த குட்டி பயப்படுதுன்னா, தப்பு என்மேல இருக்கும்னு ஒத்துக்க மனசு வரலம்மா."

சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். உள்ளிருந்து குரல் வந்தது: "அப்பா, சீப்பு எங்க வச்சே?"

மெக்கானிக் வாசலில் ஆள் நிற்பதையே மறந்து உள்ளே ஓடினார். அக்கா அங்கேயே நின்றாள். வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவள், அதை மட்டும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.