மணலில் வாயை மூடிக்கொண்டு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது.

"என்னைப் பத்தி ஒரு கதை எழுதுங்க மாமா. படிக்கிறவங்களுக்கு உத்வேகம் வரணும்" என்றாள் என் கொழுந்தியாள். கல்லூரி அணியில் வாலிபால் ஆடியவள், இப்போது கடற்கரை வாலிபால் பயிற்சியாளர். வீட்டில் மறுக்கவே முடியாத இடத்திலிருந்து (மனைவி) சிபாரிசும் வந்தது.

முதல் தொடக்கம்: பொன்னிறக் கதிர்கள் அலைகளைத் தழுவிய வேளையில், முட்டி உடைந்த பெண்சிங்கமொன்று

"முட்டி எப்ப மாமா உடைஞ்சுது?"

"கதைக்கு வேணும்மா."

2

உடையவில்லை. கல்லூரி முடிந்தது, அவ்வளவுதான். பிறகு குளியலறை டைல்ஸ் கடையில் வேலை. எம்பியடித்த உடம்பு, மேல் தட்டிலிருந்து மாதிரி டைல் எடுக்கத்தான் பயன்பட்டது. (இந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.)

கடற்கரைக் கிளப்பில் ஆள் தேடினார்கள். "வாலிபால்தானே, எனக்குத் தெரியாததா!" என்று போனாள். முதல் நாள், எப்படி அடிப்பதென்று காட்ட எம்பினாள். கல்லூரி அரங்கின் மரத்தளம் தூக்கிவிட்டுப் பழகிய கால்களை மணல் மேலே எழும்ப விடவில்லை. பந்து தலைக்கு மேலே போயிற்று. இவள் குப்புற விழுந்தாள். மாணவிகள் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் முழுக்க, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், எம்புவதை முதலிலிருந்து கற்றாள். இந்த இடத்தில் கிண்டலாக ஒன்று எழுதப் பார்த்தேன். வரவில்லை.

3

கடற்கரை வாலிபாலில் அணிக்கு இருவர்தான். அவளுக்கு வாய்த்த முதல் ஜோடி ஒரு பல் மருத்துவரும் அவருடைய நாத்தனாரும். மாமியார் பீரோ யாருக்கு என்ற தகராறிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. "அவங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க கோச்" என்று இவள் வழியாகவே எல்லாம் நடந்தது. நன்றாகவும் ஆடினார்கள்.

ஆனால் போட்டியில் விதி வேறு: ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. இவளுக்கா அந்த விதி!

அரையிறுதி, கடைசிப் புள்ளி. பந்து இருவருக்கும் நடுவே இறங்கியது. 'எனக்கு' என்று யாராவது கத்த வேண்டும். இருவரும் விட்டுக்கொடுத்தார்கள், அதுவும் வாழ்க்கையில் முதல்முறையாக. கொழுந்தியாள் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். துண்டு நழுவியது.

"யாராவது எடுங்களேண்டி, பாவிகளா!"

விசில். புள்ளி எதிரணிக்கு. ஆட்டமும்.

4

முடிவு (அ): அடுத்த ஆண்டு அதே ஜோடி கோப்பையை உயர்த்திப் பிடித்து, கண்ணீர் மல்க

வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இருவரும் நேரே இவளிடம் வந்தார்கள்.

"ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருக்க முடியாதா உங்களால?" என்றார் மருத்துவர்.

"அதைத்தான் அண்ணி நானும் கேக்குறேன்!" என்றாள் நாத்தனார்.

அண்ணி. சொன்னவளே திடுக்கிட்டாள்.

"நீ இரு, நான் பேசுறேன்" என்றார் மருத்துவர்.

இவளைத் திட்டியபடியே இருவரும் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். இவள் தனியாக நின்று பந்துகளைப் பொறுக்கினாள்.

"வேலை போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"தெரியலை மாமா. நாளைக்குக் கிளப் கூட்டத்துல என்னைத் தூக்கணும்னு பேச வர்றாங்களாம்." பிறகு முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள்: "ஒண்ணா வர்றாங்க மாமா!"

கூட்டத்தில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே உள்ளே போய்க் கையைத் தூக்குங்கள், அவளை வைத்துக்கொள்ளவோ அனுப்பவோ. எனக்கு அங்கே ஓட்டு இல்லை, நான் உறவுக்காரன்.