பட்டறைக்குப் போகாத நாட்களின் கறுப்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஒரு வெல்டரும் அவர் பெண்டாட்டியும் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிக்கிற இடம் கொஞ்சம் வரும். அங்கேயே சிரித்துவிடுங்கள், பிறகு முடியாது.

பதினைந்து வருடமாக அந்த மனுஷர் மூக்கைச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும். பட்டறைப் புகை. அவள் தினமும் கைக்குட்டையைக் கசக்கியபடி, "உங்களைக் கட்டினதுக்கு ஒரு அடுப்பைக் கட்டியிருக்கலாம்" என்பாள். "அடுப்பு உன் பேச்சக் கேக்குமாடி?" என்பார் அவர்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. நினைத்தால் மாத்திரை போடுவார். அப்படியிருக்க, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். கன்னம் மரத்துப்போனது, ஒரு கண் வீங்கியது. பல்லாக இருக்கும் என்று அவள் உப்புத் தண்ணீர் கொடுத்தாள். எட்டாம் நாள், "நீ ரெண்டு ரெண்டா தெரியுறே. ஒருத்தியையே தாங்க முடியல" என்றார். அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

மூக்கு டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்தார். மேலண்ணத்தில் கரி பூசினாற்போல் ஒரு திட்டு.

"மூக்குல கறுப்பு எத்தனை நாளா வருதும்மா?"

"பதினஞ்சு வருஷமா டாக்டர். பட்டறையில்ல?"

"கடைசியா எப்ப பட்டறைக்குப் போனாரு?"

"அது ஒரு வாரம்..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றும் கறுப்புக் கைக்குட்டையைத் துவைத்தாளே. இன்று காலையிலும். புகையில்லாத வீட்டில் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

மூக்கில் கிள்ளியெடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து மத்தியானமே சொல்லிவிட்டார்கள்: பூஞ்சை. சர்க்கரை ஏறின உடம்பில் ரத்தக்குழாயை அடைத்து, சதையைச் சாகடித்துக்கொண்டே மேலே ஏறுவது. இந்த ஒரு வாரமாகக் கறுப்பாக வந்தது செத்த சதை. ஸ்கேனில் அது கண்குழி வரை வந்திருந்தது.

"செத்ததையெல்லாம் வெட்டி எடுக்கணும்மா. கண்ணையும் எடுத்தாதான் மூளைக்குப் போகாம தடுக்கப் பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது."

வெல்டர் அவள் கையைப் பிடித்தார். "ஒத்தக் கண்ணு போதும்டி. முகக் கவசத்துல பாதிக் கண்ணாடி மிச்சம்."

அவள் கையெழுத்துப் போட்டாள். எடுத்தார்கள். பூஞ்சை மருந்து நரம்பில் இறங்கும்போதெல்லாம் நடுங்கினார். சிறுநீரகம் தாங்குகிறதா என்று தினமும் ரத்தம் எடுத்தார்கள். கண்ணை எடுத்த ஐந்தாம் நாள் அவர் பேச்சு குழறியது. மறுபடி ஸ்கேன் எடுத்த பிறகு, எப்போதும் நின்றே பேசுகிற டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காய்ச்சல் வந்தப்பவே கூட்டியாந்திருந்தா?"

டாக்டரம்மாவுக்குப் பொய் வரவில்லை. "பிழைக்க வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும். ஆனா பட்டறைக்காரர் மூக்குல கறுப்பப் பார்த்தா யாருக்கும்மா சந்தேகம் வரும்?"

பதினோராம் நாள் அவர் போய்விட்டார்.

வீட்டில் தலையணைக்கு அடியில் ஒரு கைக்குட்டை, கறுப்பு காய்ந்து விறைத்துக் கிடந்தது. பழக்கத்தில் வாளியில் தண்ணீர் பிடித்தாள், சோப்பை எடுத்தாள். கை போகவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் துவைக்கவேயில்லை, கண்ணுகளா.

உங்கள் வீட்டுக் கொடியில் கைக்குட்டைகள் வெள்ளையாகவே காயட்டும். அழுக்காக்குகிறவரும் துவைக்கிறவரும் நூறு வயது வரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நன்றாயிருக்கட்டும்.